பொய்யிரை தேர்தல்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்தனுப்புமாறு மலர்க்குழுவினரிடமிருந்து கடிதம் வந்தபோது, எதைப்பற்றி எழுதுவதென்று சில நாள் மயங்கினேன். ஆசிரியப் பெருமக்களைப் பற்றியும், துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியும், விடுதிவாழ்க்கையைப் பற்றியும் என் வகுப்புத் தோழர் என்னிலும் செவ்வையாக எழுதுவர். நான் எழுதப் புகுவதோ தூண்டிலைப் பற்றி. மரக்கறி உணவை இன்றளவும் கைவிடாத ஒருவன், அதுவும் இந்துக் கல்லூரி மலரிலே, மீன்பிடியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளித்தல் கூடும். அன்னார் சற்றுப் பொறுப்பாராக. என்னை இத்துறையில் இழுத்துவிட்டவன் எங்கள் கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். அவன் எனக்குக் கற்பித்ததும் எங்கள் பௌதிக ஆய்வுகூடத்திலே நாங்கள் இருவரும் அரைகுறையாகச் செய்து முடித்த ஒரு பரிசோதனையின் மிச்சமேயாம். ஆதலால் இப்பொருள் இம்மலருக்கு முற்றும் அந்நியமன்று.

நான் 1984ஆம் ஆண்டில் நாட்டை விட்டுப் புறப்பட்டு, ஈற்றில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரை அடைந்தேன். நண்பன் மூன்று ஆண்டுகளின் பின் வந்து சேர்ந்தான். நம்மவர் பலரைப் போலவே நாங்களும் ஹோம்புஷ் பகுதியிற் குடியமர்ந்தோம். அங்கிருந்து சிறிது தூரத்திலே பரமற்றா ஆறு அகன்று, குடாக்குடாவாக விரிந்து, சிட்னித் துறைமுகத்தோடு கலக்கின்றது. ஃபைவ் டொக் குடா, ஹென் அன்ட் சிக்கன் குடா என்பன அவற்றுட் சில. பின்னதன் பெயர் கோழியும் குஞ்சும் எனப் பொருள்படும். எவர் வைத்த பெயரோ, எனக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. இக்குடாக்களின் கரையெங்கும் வீட்டுக்காரர் தம் படகுகளைக் கட்டுவதற்கென மிதவை மேடைகளை அமைத்திருப்பர். பொன்ரூன் என்று இங்குள்ளோர் கூறுவது இவற்றையே. நடுநீரிலோ நூற்றுக்கணக்கான பாய்க்கப்பல்களும் இயந்திரப் படகுகளும் மிதவைக் குமிழ்களிற் கட்டுண்டு, காற்றடிக்கும் திசைக்கு முகங்காட்டி நிற்கும். உடையவர் மாதத்துக்கொருமுறை வருவதும் உண்டு. ஆண்டுக்கொருமுறை வருவதும் உண்டு.

இம்மேடைகளின் கீழும் இப்படகுகளின் கீழும் வாழ்வதே பிறீம் என்னும் மீன். கிழக்குக் கரையோரத்துக்குரிய இவ்வினத்தை மஞ்சட்செட்டைப் பிறீம் என்பர். வெள்ளி நிறமும் தட்டையான உடலும் உடையது. வயிற்றுப்புறச் செட்டைகள் மஞ்சளாயிருக்கும். மிக மெதுவாக வளர்வது. 25 சென்ரிமீற்றர் நீளத்தை எட்டுவதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் செல்லும். அந்நீளத்துக்குக் குறைந்ததைக் கொண்டுசெல்வது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திற் சட்டவிரோதம். வாயின் முன்புறத்திற் கூரிய பற்களும், உட்புறத்தில் நம் கடைவாய்ப்பற்கள் போன்ற அரைபற்களும் உண்டு. மட்டியையும் நண்டையும் ஓட்டோடு நொறுக்குவதற்கே இயற்கை அவற்றை அளித்திருக்கின்றது.

மீன் ஏன் அங்கே நிற்கின்றது? நிழலுக்காக என்று நான் எண்ணியிருந்தேன். நிழல் பாதிக் காரணமே என்று நண்பன் விளக்கினான். நம் யாழ்ப்பாணக் கடனீரேரியில் வற்றுப்பெருக்கு மிகச் சிறிது. அதை நாம் கவனிப்பதேயில்லை. சிட்னியிலோ சில நாட்களில் நீர்மட்டம் இரண்டு மீற்றர் வரை ஏறியிறங்கும். நிலையாக நாட்டிய தூணில் ஒட்டியிருக்கும் சிப்பியும் மட்டியும் நாளில் இருமுறை நீருக்கு வெளியே காய்ந்துகிடக்கும். மிதவை மேடை அவ்வாறன்று. நீர் ஏறினால் அதுவும் ஏறும். நீர் இறங்கினால் அதுவும் இறங்கும். அதன் அடிப்புறம் எக்காலத்தும் நனைந்தே இருக்கும், வெயிலும் படாது. ஆகவே அங்கே மட்டி, பாசி, சிறுநண்டு, இறால், புழு என்பன தலைகீழாகத் தொங்கும் தோட்டமொன்று உண்டாகின்றது. நெடுநாள் அசையாது கிடக்கும் படகின் அடியிலும் இதே கதைதான். பயணிகள் படகு கடந்து சென்றதும் அதன் அலை வந்து மேடையை ஆட்டும்; தோட்டத்திலிருந்து ஏதோவொன்று கழன்று விழும்; கீழே காத்திருக்கும் பிறீம் அதை வாயில் ஏற்கும்.

நண்பன் கூறியதன் சாரம் ஒன்றே: "மச்சான், மீனுக்குப் பிடித்த இரை எது என்று கேளாதே. அந்த இடத்திலே எது விழும், எவ்வளவு மெதுவாக விழும் என்று கேள்."

இவ்விடத்திற்றான் எங்கள் பௌதிக ஆய்வுகூடம் வருகின்றது. உயர்தர வகுப்பிலே, நெடிய கண்ணாடிச் சாடியில் ஆமணக்கெண்ணெயை நிரப்பி, உருக்குக் குண்டுகளை ஒவ்வொன்றாய் விட்டு, அவை முடிவுவேகத்தை அடைவதை அளந்தோம். நான் குண்டை விடுவேன். நண்பன் நிறுத்தற்கடிகாரத்தைப் பிடித்திருப்பான். எங்கள் விடை ஆசிரியரின் விடையோடு ஒருநாளும் ஒத்ததில்லை. ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின், ஹோம்புஷில் அவன் வீட்டுக் கொல்லைப்புறத்திலே அதே மனிதன் நெடிய பீப்பாயொன்றில் நீர் நிரப்பி, தூண்டில் இரைகளை ஒவ்வொன்றாய் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். கொப்பியும் பென்சிலும் என் கையிற் கொடுக்கப்பட்டன. ஈயத்தலைத் தூண்டில்களின் நிறையை அவுன்சின் பின்னங்களாலே குறிப்பர். நாற்பதில் ஒரு பங்கு என்பது ஏறத்தாழ 0.7 கிராம், பதினாறில் ஒரு பங்கு 1.8 கிராம், எட்டில் ஒரு பங்கு 3.5 கிராம். முதலாவதில் மென்பிளாஸ்ரிக் புழுவொன்றைக் கோத்து விட்டால் ஒரு மீற்றர் இறங்க ஆறேழு எண்ணிக்கை செல்லும். இரண்டாவது மூன்று எண்ணிக்கையில் அடியைத் தொடும். மூன்றாவதை எண்ணத் தொடங்குமுன்னரே காரியம் முடிந்துவிடும். மேடையின் அடியிலிருந்து கழன்று விழும் மட்டித்துண்டோ நண்டுக்குஞ்சோ மூன்றாவதைப் போல விழுமா என்று அவன் வினாவினான். எனக்குப் பதில் தேவைப்படவில்லை.

ஆகவே மேடையோரம் இரண்டு மூன்று மீற்றர் ஆழமாய், காற்றின்றி இருக்குமாயின், எறிந்த இரை நேராய்ப் போய்ச் சேருமட்டும், கிடைக்கும் நிறைகளுள் மிகக் குறைந்ததையே கட்டுதல் வேண்டும். காற்றோ நீரோட்டமோ நூலை வில்லாய் வளைத்து இரையை நிழலிலிருந்து இழுத்துச் செல்லத் தொடங்கும்போது மாத்திரம் ஒரு படி ஏறலாம். புதிதாய் வருவோர் இதைத் தலைகீழாகச் செய்வர். தூரமாய் எறியும் ஆசையாற் கனத்த ஈயத்தைக் கட்டி, மேடையின் பலகையில் 'டங்' என்று மோதுவிப்பர். அத்தோடு அங்குள்ள மீனுக்கும் அவர்களுக்கும் இடையிலான தொடர்பு முடிந்தது. முதல் எறியே மிக நல்ல எறி என்பது இத்துறையில் நான் ஐயமறக் கண்ட உண்மை.

நிறைக்கு அடுத்ததே வடிவம். கடையில் அடுக்கியிருக்கும் பொய்யிரைகளைக் கண்டால் கண் கூசும். அவை மீனைப் பிடிப்பதற்கு முன்னே மனிதனைப் பிடிப்பதற்கென்று செய்யப்பட்டவை. மேடைக்கடியில் நாள் முழுவதும் பயன்படுவது இரண்டரை அங்குல மென்பிளாஸ்ரிக் புழு, சுருண்ட வாலோடு கூடியது. விடியற்காலையிலும், முகில் மூடிய வேளையிலும், மீன் நிழலை விட்டு வெளியே உலாவும். அப்பொழுது விரலின் பாதி நீளமுள்ள, மீன்வடிவான கடின இரையை மேடையின் விளிம்போடு ஒட்டி மெல்ல இழுத்து வரலாம். இழுத்தால் அது தலையை ஆட்டிக்கொண்டு சிறிது தாழும், நிறுத்தினால் மிதக்கும். நடுநீரிலே, ஐந்தாறு மீற்றர் ஆழத்தில் நிற்கும் படகுகளுக்கு அதிரும் உலோகத் தகடு உதவும். நண்டு வடிவான இரையோ தனிச்சிறப்புடையது. கால்களை விரித்துக்கொண்டு அது இறங்கும் காட்சியைக் கண்டால் மீனென்ன, நானே ஏமாந்துவிடுவேன்.

நிறத்தைப் பற்றிப் பலர் பெருநூல்கள் எழுதத்தக்க அளவு பேசுவர். தெளிந்த நீருக்கு ஊடுகாட்டும் மங்கிய நிறம், மழைக்குப் பின் கலங்கிய நீருக்குக் கருநிறம் என்பதற்கு மேல் எனக்கு நம்பிக்கையில்லை. மோட்டோர் எண்ணெய் நிறம் என்று ஒன்று விற்கிறார்கள். பெயரைக் கேட்டு நகைத்தேன். பிறீம் நகைக்கவில்லை. இரைகளைப் பேணும் முறையில் ஓர் எச்சரிக்கை மாத்திரம் கூறுவேன். இழுபடும் தன்மை மிக்க ஒருவகைப் பிளாஸ்ரிக்கால் ஆன இரைகளைச் சாதாரண மென்பிளாஸ்ரிக் இரைகளோடு ஒரே அறையில் இட்டுவைத்தால், ஒன்றையொன்று உருக்கி எல்லாம் ஒரே களியாகிவிடும். நான் இதை நூலிற் படித்தறியவில்லை. முப்பது டொலர் பெறுமதியான களி என் பெட்டியில் இருந்தது.

எறியும் முறை எங்கள் பிள்ளைப்பருவத்துக்குரியது. கோயிற் கேணியிலே ஓட்டுச்சில்லை எடுத்து, உடலைச் சாய்த்து, நீர்மேல் தத்தித் தத்திப் போகுமாறு எறியாதவர் நம்முள் யார்? அதே சாய்வோடு கோலைப் பக்கவாட்டில் வீசினால், இலேசான இரை இரண்டு மூன்று தத்தலில் மேடைக்கும் நீருக்கும் இடைப்பட்ட ஒரு சாணிடைவெளியுள் நுழைந்துவிடும். அதன்பின் செய்யவேண்டியது எதுவுமில்லை; அதைச் செய்வதுதான் கடினம். நூல் தளர்ந்து கிடக்க, இரை தானாக விழ, கண் நூலிலேயே பதிந்திருத்தல் வேண்டும். ஏழு எண்ணவேண்டிய இடத்தில் நாலிலே நூல் நின்றுவிட்டால், அல்லது சற்றே துடித்தால், மீன் வாயிலேற்றிவிட்டது. கடைசி முழநூலாகப் புளோரோகாபன் இழையைக் கட்டுவர். அதன் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 1.42, நீரினது 1.33. நாம் தங்கூஸ் என்று அறிந்த நைலோன் இழையினது அதனிலும் உயர்ந்தது. எனவே புளோரோகாபன் நீரிற் சற்றுக் குறைவாகத் தெரியும். இதையும் நண்பன் பாடம் நடத்தியே சொன்னான்.

இனி, எழுத விரும்பாத பகுதிக்கு வருகிறேன்.

கட்டுண்ட படகின் முன்புறமே மீனுக்கு உகந்த இடம். அங்கே சங்கிலியும் கயிறும் நீருக்குள் இறங்கும். அவற்றிலும் மட்டி படர்ந்திருக்கும். இரை அக்கயிற்றை ஒட்டி விழுந்தால் மீன் மறுப்பது அரிது. ஆயின் நண்டு இரையிலும் கடின இரையிலும் மும்முள் தூண்டில் தொங்கும். மும்முள்ளும் கயிறும் சந்தித்தால் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டு சித்திரை மாதத்துக் காலையொன்றில், ஃபைவ் டொக் குடாவிலே, நண்பனின் சிறிய அலுமினியத் தோணியில் இருவரும் இருந்தோம். தெற்குக் காற்று எழுந்துகொண்டிருந்தது. புதிதாய் வாங்கிய நண்டு இரையை நான் கட்டினேன். "மச்சான், கயிறு கிடக்கிற இடத்துக்கு அது வேண்டாம். ஒற்றைமுள்ளைப் போடு" என்றான். நான் கேட்கவில்லை. இரண்டாம் எறியிலே அது வெண்ணிறப் பாய்க்கப்பலொன்றின் கட்டுக்கயிற்றில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, பற்றிக்கொண்டது. கிட்டப் போய்க் கழற்றுவோம் என்று அவன் இயந்திரத்தில் கைவைத்தான். மழைத்தூறல் விழத் தொடங்கியிருந்தது. என் கைகள் குளிர்ந்திருந்தன. நான் நூலைக் கையிற் சுற்றி இழுத்து அறுத்துவிட்டேன். போனது போகட்டும், என் பணந்தானே என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு கிழமைகள் கழித்துப் படகிறக்கும் சரிவிலே, எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளையர் ஒருவர் தூண்டிற்காரர் ஒவ்வொருவரிடமும் சென்று ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். வலக்கையில் வெள்ளைக் கட்டு. இடக்கையில் சிறு கண்ணாடிப் போத்தல். அதனுள்ளே என் நண்டு. கட்டுக்கயிற்றைப் பிடித்துத் தூக்கியபோது முள் உள்ளங்கையினுள்ளே ஏறியதென்றும், மருத்துவமனையிற் கீறி எடுத்தார்களென்றும், எவரையும் ஏசுவதற்கன்று, இனி இவ்வாறு செய்யாதிருக்கவே காட்டுவதாகவும் அமைதியாகக் கூறினார். போத்தலை என்னிடமும் நீட்டினார். நான் பார்த்தேன். தலையை அசைத்து, வருந்தத்தக்க செயல் என்றேன். வேறொருவரின் செயலைப் பற்றிச் சொல்வதுபோற் சொன்னேன். நண்பன் என்னை நோக்கினான். அவன் வாய்திறந்து என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், செய்யவில்லை. அவர் அப்பாற் போனதும் தோணியை மீண்டும் வண்டியில் ஏற்றினான். அன்று நாங்கள் நீரிலே இறங்கவேயில்லை.

வீட்டு வாயிலில் என்னை இறக்கிவிட்டபோது, "விடுதியிலே யன்னற்கண்ணாடியை நீ உடைத்த அன்றும் இப்படித்தான் நின்றனி" என்றான். அவ்வளவே. அந்த யன்னலுக்கு அபராதம் கட்டியவன் அவன். பத்து மாதங்கள் அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை, நானும் அழைக்கவில்லை. கோயிலிற் கண்டால் நலம் விசாரித்தோம். அது பேசாமையிலும் கொடிது.

அடுத்த ஆண்டு மாசி மாதத்தில், ஞாயிறு காலையொன்றில், தனியே சரிவுக்குப் போய், அந்த வெண்ணிறப் படகை உடையவரை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவர் படகின் பாயை மடித்துக்கொண்டிருந்தார். அந்த இரை என்னுடையது, அன்று முகத்துக்கு நேரே பொய்யுரைத்தேன் என்று கூறினேன். நான் பயிற்சி செய்து வைத்திருந்த வாக்கியங்கள் அதற்குமேல் வரவில்லை. அவர் நெடுநேரம் என்னைப் பார்த்தார். பின் வலக்கையை விரித்துக் காட்டினார். பெருவிரலின் அடியிலே வெள்ளைத் தழும்பு. அவ்விரல் இன்னும் முற்றாய் மடிவதில்லை என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மும்முள்ளை ஏன் கட்டுகிறீர்கள், மீன் ஒன்றுதானே என்று மாத்திரம் வினவினார். பின்பு படகின் உள்ளே சென்று, போத்தலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

அன்றிரவு நண்பனை அழைத்துச் சொன்னேன். "ம்" என்றான். மறுசனிக்கிழமை விடியுமுன் அவன் தோணி என் வாயிலில் நின்றது. இரைப்பெட்டியைத் திறந்தேன். அதிலிருந்த மும்முள் அனைத்தையும் அவன் கழற்றிவிட்டு, பின்வளையத்தில் மாத்திரம் ஒற்றைமுள் பூட்டியிருந்தான். எப்போது செய்தான் என்று கேட்டேன். சென்ற சித்திரையிலேயே என்றான்.

ஒற்றைமுள்ளாற் சில மீன் தப்பும் என்பது மெய்யே. நான் கணக்கிட்ட அளவில் ஐந்துக்கு ஒன்று தப்புகின்றது. நடுநீரில் மிகுதியும் மென்பிளாஸ்ரிக் புழுவையே இப்பொழுது கட்டுகிறோம். முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்துக் கோத்தால் கயிற்றில் உராய்ந்தாலும் அரிதாகவே பற்றும். முள்ளின் எதிர்க்கூரையும் குறட்டால் நசுக்கிவிடுவோம். பற்றிக்கொண்டால், எவ்வளவு காற்றடித்தாலும், கிட்டப்போய்க் கையாற் கழற்றியே தீரவேண்டும். இது எங்கள் தோணியின் சட்டம். பிடித்த மீனை ஈரக்கையால் ஏந்தி விட்டுவிடுவோம். துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கப்படும் மீனில் பழைய தொழிற்சாலைகளின் நச்சுப்பொருள் இருப்பதால் உண்ணலாகாதென்று அரசினர் அறிவுறுத்தியிருக்கின்றனர். எனவே எங்களுக்கு அதில் தியாகம் எதுவுமில்லை. உண்ணாத மீனை ஏன் வருத்துகிறாய் என்று என் மனைவி கேட்பதுண்டு. நல்ல கேள்வி. மறுமொழி என்னிடமில்லை.

நண்பனுக்கு 2021ஆம் ஆண்டில் பார்க்கின்சன் நோய் கண்டது. முடிச்சுப் போட விரல்கள் இடங்கொடா. இப்பொழுது மகளோடு பிறிஸ்பேன் நகரில் இருக்கிறான். போகும்போது தோணியை விற்றான். பெட்டியையும் கொப்பியையும் என்னிடம் தந்தான். நான் கரையிலிருந்தும், பொதுமக்களுக்குரிய துறைகளிலிருந்தும் எறிகிறேன். வெண்ணிறப் பாய்க்கப்பல் இன்னும் அதே குமிழில் நிற்கின்றது.

ஞாயிறு மாலைதோறும் தொலைபேசி மணி அடிக்கும். உடல்நலத்தைப் பற்றி அவன் பேசுவதில்லை. நான் கேட்டாலும் விலக்கிவிடுவான். சென்ற கிழமையும் எடுத்தவுடன், எங்கே எறிந்தாய், என்ன நிறை கட்டினாய் என்றே தொடங்கினான். அபொட்ஸ்ஃபோட் மேடையோரம், காற்றுச் சற்று இருந்தது, பதினாறில் ஒன்று, இரண்டு பிறீம் என்றேன்.

"கனம் கூடிப்போச்சு, மச்சான்" என்றான். "நாற்பதில் ஒன்றைப் போட்டு எண்ணிப்பார்."